பெருகாமல் பிழைக்கும் கிருமிகள்



ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2014-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அது முடியப்போவது 2514-இல். கண்ணாடிக் குப்பிகளில் உலர்ந்த பாக்டீரியாக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். முதல் 24 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு 25 ஆண்டுக்கு ஒருமுறையும் சில குப்பிகளைத் திறந்து, உள்ளே இருப்பவற்றில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கப் போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் பார்க்கப் போவதில்லை. தெரிந்தேதான் தொடங்கினார்கள்.

உண்ணாமல், வளராமல், பெருகாமல் ஒரு பாக்டீரியா எவ்வளவு காலம் இருந்துவிட்டு மறுபடி உயிர்ப்போடு எழ முடியும்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த 500 ஆண்டுகள். இன்று நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். காய்ந்த புல்லில் தொடங்குகிறேன். காசநோயில் போய் முடிப்பேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒருவர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பதன் காரணம் அந்தப் புல்லில் ஒளிந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. உயிர் உயிரிலிருந்துதான் வரும், தானாகத் தோன்றாது என்று லூயி பாஸ்டர் காட்டிவிட்டார். ஆனால் எதிர்த்தரப்பாரிடம் ஒரு வலுவான சான்று இருந்தது. காய்ந்த புல்லை நீரில் ஊறவைத்து, அந்த நீரை நன்றாகக் கொதிக்கவைத்து அடைத்து வையுங்கள். சில நாளில் அது கலங்கிவிடும். உள்ளே பாக்டீரியா நெளியும். கொதிநீரில் எல்லாம் செத்திருக்க வேண்டுமே, இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

1876-இல் விடை கிடைத்தது. பிரெஸ்லாவ் நகரில் – இன்று அது போலந்தில் இருக்கிறது – ஃபெர்டினாண்ட் கோன் என்ற தாவரவியலாளர், புல்நீரில் வாழும் பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே ஒளிரும் சிறு மணி ஒன்று உருவாவதைக் கண்டார். பாக்டீரியா கொதிநீரில் சாகும். அந்த மணி சாகாது. நீர் ஆறியதும் அது முளைத்து மறுபடி பாக்டீரியாவாகும். அதற்கு நம் பாடநூல்களில் அகவித்து என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஸ்போர் என்றே சொல்லிவிடுகிறோம்.

அதே ஆண்டு, வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவராக இருந்த ராபர்ட் கோக் தன் கண்ணாடித் தகடுகளைக் கட்டிக்கொண்டு கோனைப் பார்க்க பிரெஸ்லாவுக்கு வந்தார். ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமியை அவர் மாட்டின் கண்நீரில் வளர்த்து, மணிக்கணக்காக உற்றுப் பார்த்திருந்தார். கோல் போன்ற கிருமி நீண்டு நூலாகிறது. நூலுக்குள் வரிசையாக மணிகள் தோன்றுகின்றன. மணிகளை உலர்த்தி வைத்து, மறுபடி ஈரமும் உணவும் கொடுத்தால் கோல்கள் திரும்பி வருகின்றன. நோய்கண்ட மாடு ஒன்றுகூடப் பல ஆண்டுகளாக மிதிக்காத மேய்ச்சல் நிலத்தில் திடீரென்று மாடுகள் ஏன் விழுகின்றன என்ற பழைய புதிர் அத்தோடு அவிழ்ந்தது. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக்கூடாது, தோலுரிக்கக்கூடாது, அப்படியே ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று இன்றும் கால்நடை மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடலுக்குள் கோலாக இருக்கும் கிருமி, இரத்தம் வெளியே சிந்திக் காற்றுப் பட்டதும் ஸ்போராக மாறத் தொடங்கும். மாறிவிட்டால் அந்த மண் பல பத்தாண்டுகளுக்கு நம்முடையதில்லை.

லண்டனில் ஜான் டிண்டல் இதையே வேறு பக்கத்திலிருந்து அணுகினார். இயற்பியலாளர், ஆனால் காற்றில் மிதக்கும் தூசு அவரைக் கிருமிகளிடம் கொண்டுவந்து விட்டது. பழைய புல் ஊறிய நீரைப் பல மணி நேரம் கொதிக்கவைத்தும் சில குப்பிகள் அடங்கவில்லை. 1877-இல் அவர் ஒரு வழி கண்டார். ஒரேயடியாக நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டாம். சிறிது நேரம் கொதிக்கவைத்துவிட்டு விட்டுவிடுங்கள். இடைவேளையில், ஆபத்து நீங்கியது என்று நம்பி ஸ்போர்கள் முளைக்கும். முளைத்தவை மென்மையானவை. அப்போது மறுபடி கொதிக்கவையுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் நீர் முழுக்கத் தூய்மையாகிவிடும். அவரிடம் பலமான கருவி எதுவும் இல்லை. எதிரி எழுந்திருக்கும் நேரம் பார்த்து அடித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த மணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது; கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

புல் பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸுக்கு உணவு தீர்ந்துபோகிறது. உடனே அது ஸ்போராகிவிடாது. ஸ்போராவது பெரும் செலவு பிடித்த வேலை. ஏழெட்டு மணி நேரம் ஆகும். குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. நடுவில் உணவு வந்துவிட்டால், ஸ்போராகாமல் காத்திருந்த அண்டைக் கிருமிகள் அதைத் தின்று பெருகிவிடும். ஆகவே அது முடிவைத் தள்ளிப்போடுகிறது. எப்படித் தள்ளிப்போடுகிறது தெரியுமா? முதலில் முடிவெடுத்த கிருமிகள், இன்னும் முடிவெடுக்காத தம் உடன்பிறப்புகளை நஞ்சிட்டு உடைத்து, அவற்றின் சத்தை உண்கின்றன. ஹார்வர்டில் ரிச்சர்ட் லோசிக்கின் ஆய்வுக்குழு 2003-இல் இதை வெளியிட்டது.

அதுவும் தீர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. வழக்கமாகப் பாக்டீரியா சரிபாதியாகப் பிளக்கும். இப்போது ஓர் ஓரத்தில் குறுக்குச் சுவர் எழுப்பி, ஒரு சின்ன அறையும் ஒரு பெரிய அறையுமாகப் பிரிகிறது. மரபுப்பொருளின் முழு நகல் ஒன்று சின்ன அறைக்குள் இழுத்துத் திணிக்கப்படுகிறது. பிறகு பெரிய அறை சின்ன அறையைச் சுற்றி வளைத்து விழுங்கிவிடுகிறது. இனிப் பெரிய அறை தாய்; சின்னது சேய். தாய் சேயைச் சுற்றி முதலில் தடித்த உறை ஒன்றையும், அதற்கு மேல் அடுக்கடுக்காகப் புரதத் தோல்களையும் கட்டுகிறது. கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்த உப்பை உள்ளே நிரப்புகிறது. ஸ்போரின் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு பொருள்தான். அது உள்ளே போகப்போக நீர் வெளியேறுகிறது. சிறு புரதங்கள் மரபுப்பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதைச் சிதைக்காமல் காக்கின்றன. எல்லாம் முடிந்ததும் தாய் உடைந்து இறந்து, சேய் வெளியே விழுகிறது.

அதனுள் எதுவும் நகர்வதில்லை. புரதங்கள் இடத்தில் உறைந்து நிற்கின்றன, எரிபொருள் எரிவதில்லை. கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில், அழுத்தத்தில், 15 நிமிடம் வைப்பது இந்த ஸ்போரைக் கணக்கில் வைத்துத்தான்.

ஆனாலும் அது செத்த பொருள் இல்லை, வெளியுலகை அறிகிறது. அலனின் போன்ற ஓர் அமினோ அமிலம் வந்து பட்டால் சில நிமிடங்களில் உப்பை உமிழ்ந்து, நீரை உறிஞ்சி, எழுந்துவிடும். அமெரிக்காவின் சான் டியேகோவில் குரோல் சூயெலின் குழு 2022-இல் இன்னொன்றைக் காட்டியது. உணவின் சுவடு ஒரு கணம் வந்து போனால் ஸ்போர் எழுவதில்லை. ஆனால் தன்னுள் சேமித்த பொட்டாசியத்தைக் கொஞ்சம் வெளியேவிட்டு, அந்தச் சுவடு வந்ததைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இன்னொரு சுவடு, இன்னொன்று என்று வந்து கணக்கு நிறைந்தால்தான் எழுகிறது. உயிர்வினை ஏதும் இயங்காத ஒரு துகள் எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது என்றால், உயிர் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துகள் மனிதர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையோரம் கிருனார்டு என்ற சிறு தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டிஷ் அரசு அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து அடைப்பான் ஸ்போர் நிரப்பிய குண்டுகளை வெடித்துச் சோதித்தது. ஆடுகள் செத்தன. தீவு மூடப்பட்டது. 1986-இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தீவு முழுவதும் தெளித்தார்கள். 1990-இல்தான் எச்சரிக்கைப் பலகையை எடுத்தார்கள். ஒரு போர்க்காலச் சோதனைக்கு மண் 48 ஆண்டுகள் விலை கொடுத்தது.

சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் 2016-ஆம் ஆண்டுக் கோடை வழக்கத்தை மீறிச் சுட்டது. உறைமண் இளகியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் அடைப்பானில் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அங்கே கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007-லேயே நிறுத்தியிருந்தார்கள். நெடுங்காலமாக நோய் இல்லை, எதற்கு ஊசி என்ற எண்ணம். உறங்கும் கிருமி விஷயத்தில் மனிதர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் தவறு இது: கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வீட்டுக்கும் ஒரு வார்த்தை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் ஸ்போர்கள் இருக்கலாம். சோறு கொதிப்பதில் அவை சாவதில்லை. வடித்த சோற்றை வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் அப்படியே விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சு ஒன்று, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிச்சச் சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியும் மண்ணில் ஸ்போராகக் கிடப்பதுதான். மண்ணை யாராலும் கழுவ முடியாது. அதனால்தான் தாய்மாருக்கு ஊசி போட்டார்கள், பிரசவத்தைச் சுத்தமான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் உறுதிசெய்யப்பட்டது. ஸ்போர் இன்னும் மண்ணில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது ஸ்போர் செய்யத் தெரிந்த கிருமிகளின் கதை. அவை சிறுபான்மை. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அந்தக் கட்டுமானக் கலை தெரியாது. ஆனாலும் அவற்றுக்கும் உறங்கத் தெரியும். என்னைக் கேட்டால், மனிதர்களுக்குக் கூடுதல் தொல்லை தருவது இந்த இரண்டாவது உறக்கம்தான். ஏனென்றால் ஸ்போரை நுண்ணோக்கியில் பார்த்து அடையாளம் சொல்லலாம், இதை அப்படிப் பார்க்க முடியாது.

பட்டினி வந்ததும் இவை உள்ளே ஒரு சமிக்ஞை மூலக்கூறை உண்டாக்குகின்றன. மைக்கேல் கேஷலும் ஜொனாதன் கேலன்ட்டும் 1969-இல் கண்டுபிடித்தது. அது பரவியதும் புதிய ரைபோசோம் கட்டுவது நிற்கிறது. இருக்கும் ரைபோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகின்றன. உடைத்துத் தின்று தீர்க்காமல் பத்திரமாக மடித்து வைப்பது போன்ற ஏற்பாடு; நிலைமை மாறினால் உடனே பிரிந்து புரதம் செய்யத் தொடங்கலாம். இந்த நிலையில் எவ்வளவு காலம்? தென் பசிபிக் கடலின் நடுவே, உணவே இறங்காத ஆழ்கடல் வண்டலில், 10 கோடி ஆண்டுப் பழமையான அடுக்குகளைத் துளைத்தெடுத்து, யூகி மொரோனோ தலைமையிலான குழு உணவு கொடுத்துப் பார்த்தது. உள்ளிருந்த பாக்டீரியாக்கள் உண்டன, பெருகின. 2020-இல் வெளியான ஆய்வு. அவற்றில் பெரும்பாலானவை ஸ்போர்கள் இல்லை என்பதுதான் வியப்பு. அந்த 10 கோடி ஆண்டுகளும் அதே செல்கள்தான் இருந்தனவா, நடுவே எப்போதாவது ஒருமுறை பிளந்தனவா என்பதில் வாதம் உண்டு. எப்படியிருந்தாலும் அது வாழ்க்கையின் வேகம் பற்றி நாம் வைத்திருந்த கணக்கைக் குலைத்துவிட்டது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 1944. பென்சிலின் வந்துவிட்டது. போர்முனையில் சாகவிருந்தவர்கள் பிழைக்கிறார்கள். அந்த உற்சாகத்தின் நடுவே ஜோசப் பிக்கர் என்ற அயர்லாந்து மருத்துவர் ஒரு சிறிய, சங்கடமான உண்மையைச் சொன்னார். சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைப் பென்சிலினில் போட்டால் கிட்டத்தட்ட எல்லாம் செத்துவிடுகின்றன. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்று போலச் சில தங்கிவிடுகின்றன. மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமிகளோ அவை என்று எடுத்து வளர்த்துப் பார்த்தார். இல்லை. அவற்றின் சந்ததியை மறுபடி பென்சிலினில் போட்டால் முன்போலவே செத்தன. முன்போலவே பத்து லட்சத்தில் ஒன்று தங்கியது.

பிக்கர் சரியாக ஊகித்தார். பென்சிலின் கொல்வது சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியை. அதாவது பெருகும் கிருமியை. தங்கியவை அந்த நேரத்தில் பெருகாமல் சும்மா இருந்தவை. சும்மா இருப்பதைப் பென்சிலினால் தொட முடியாது. அப்படியானால் என்ன செய்யலாம்? அவர் டிண்டலின் வழியைக் கைக்கொண்டார். மருந்து கொடுங்கள், நிறுத்துங்கள், உறங்கியவை எழட்டும், மறுபடி கொடுங்கள் என்றார். புல்நீரில் நடந்ததை மனித உடலில் செய்து பார்க்கலாம் என்ற யோசனை. அடுத்தடுத்துப் புதிய மருந்துகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

60 ஆண்டுகள் கழித்து, 2004-இல், நதாலி பலபானும் அவருடன் சேர்ந்தவர்களும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். மிக மெல்லிய வாய்க்கால்களில் ஈ.கோலை கிருமிகளை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தி, வளர்வதைப் படம்பிடித்துக்கொண்டே மருந்தைச் செலுத்தினார்கள். எல்லாம் வெடித்துச் சிதறின; ஒன்றிரண்டு மட்டும் நின்றன. படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், அந்த ஒன்றிரண்டும் மருந்து வருவதற்கு முன்பே வளராமல் இருந்தவை. ஆபத்தைக் கண்டு அவை ஒடுங்கவில்லை. ஆபத்து இல்லாதபோதே, எந்தக் காரணமும் இல்லாமல், கூட்டத்தில் சில ஒதுங்கி இருந்திருக்கின்றன.

ஏன்? எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லை உலையில் போடாத குடியானவரின் புத்திதான். எல்லாரும் பெருகினால் நல்ல காலத்தில் லாபம். கெட்ட நாள் ஒன்று வந்தால் பூண்டோடு போய்விடும். ஒரு சிலவற்றை ஒதுக்கி வைத்தால் தினமும் சிறு நட்டம், ஆனால் குலம் அறுபடாது. கிருமிக்கு யோசனை கிடையாது. அப்படி ஒதுக்கி வைக்காத குலங்கள் அழிந்துபோயின, ஒதுக்கி வைத்தவை மிஞ்சின.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி வேறு, மருந்தின்போது உறங்கித் தப்பும் கிருமி வேறு. முதலாவது மருந்திலேயே பெருகும்; அதன் பிள்ளைகளும் அப்படியே. இரண்டாவது மருந்தில் பெருகாது, சாகவும் சாகாது. ஆனால் இரண்டாவது முதலாவதற்குப் படிக்கட்டு. விட்டு விட்டு மருந்து கொடுத்தபோது ஈ.கோலை முதலில் உறங்கித் தப்பப் பழகியது, அதற்குப் பிறகே எதிர்ப்பாற்றல் பெற்றது என்று பலபான் குழு 2017-இல் காட்டியது. பிக்கரின் யோசனையை நினைத்த நேரத்தில் நிறுத்துவதும் தொடங்குவதுமாக நடத்தினால் என்ன ஆபத்து என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது.

காலராவைப் பற்றிச் சுருக்கமாக. 1982-இல் ரீட்டா கால்வெல்லும் அவருடைய குழுவினரும், காலராக் கிருமி நீரில் உயிரோடு இருந்தும் ஆய்வுக்கூடத் தட்டில் வளராத ஒரு நிலைக்குப் போகும் என்றார்கள். அதுவரை தட்டில் வளரவில்லை என்றால் நீரில் கிருமி இல்லை என்றே எழுதினார்கள். அந்த நிலை உண்மையான உறக்கமா, சாவுக்கு முந்தைய தளர்ச்சியா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்குக் கால்வெல் பக்கமே சாய்வு. அவர் அதோடு நிற்காமல், கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளை வடிகட்டினாலே போதுமே என்று யோசித்தார். வங்கதேச கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள். காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

இப்போது காசநோய்.

ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விழித்திருக்கும்போதே மெதுவானது. நுரையீரலுக்குள் புகுந்ததும் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து கட்டி எழுப்புகின்றன. அந்தக் கட்டியின் நடுவே பிராணவாயு குறைவு, உணவு குறைவு, சில இடங்களில் அமிலம். உடல் அதைக் கொல்ல முயல்கிறது. அது அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ஷ் மெக்டெர்மாட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1950-களில் செய்த சோதனையை எந்த மருத்துவ மாணவரும் மறக்கக்கூடாது. காசநோய் கண்ட சுண்டெலிகளுக்கு ஐசோனியாசிட், பைரசினமைடு இரண்டையும் கொடுத்தார்கள். பிறகு உறுப்புகளை அரைத்து எப்படி வளர்த்துப் பார்த்தும் ஒரு கிருமிகூட வளரவில்லை. பூரண குணம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். மருந்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். சில மாதங்களில் கணிசமான எலிகளில் காசநோய் திரும்பியது. திரும்பிய கிருமி அதே மருந்துகளுக்கு அடங்கும் பழைய கிருமிதான்.

லாரன்ஸ் வேய்ன் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் உழைத்து இதைச் சோதனைக் குழாயில் கொண்டுவந்தார். கிருமிக்குப் பிராணவாயுவைத் திடீரென்று நிறுத்தினால் செத்தது. மூடிய குழாயில் மெல்லக் கலக்கியபடி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறையவிட்டால் சாகவில்லை. படிப்படியாக ஒடுங்கி உறங்கியது. அந்த நிலையில் ஐசோனியாசிட் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐசோனியாசிட் தடுப்பது கிருமியின் மெழுகுச் சுவர் கட்டுமானத்தை. சுவரே கட்டாத கிருமியிடம் அதற்கு என்ன வேலை?

இந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. அதை நாம் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை என்பது என் குறை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த மையம், சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மறு பிரிவினரை சானடோரியத்திலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தது. 1959-இல் வெளிவந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியக் கதவுகளை மூடவைத்தது: இரு பிரிவிலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்; வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை.

அதே மையம் இன்னொன்றையும் கண்டது. இருமல் நின்றதும் மக்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரைச் சோதித்தும் மாத்திரைகளை எண்ணியும் அதைக் கண்டறிந்தார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வாரம் இருமுறை மையத்துக்கே வரவைத்து, கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஓராண்டுக்கும் மேலாக இருந்த சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது 1970-களில், ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்தபோது. சென்னை ஆய்விலும் பங்கு கொண்ட டெனிஸ் மிட்சிசன் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். நோயாளியின் உடலில் இருப்பது ஒரே படை இல்லை. வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியாசிட் சில நாளில் கொன்றுவிடும். இருமல் குறைவதும் உடம்பு தேறுவதும் அதனால்தான். அமிலச் சூழலில் அரைத்தூக்கத்தில் கிடப்பவற்றைப் பைரசினமைடு பிடிக்கும். நெடுநேரம் உறங்கி எப்போதாவது சிறிது நேரம் விழிப்பவற்றை, அந்தச் சிறு விழிப்பிலேயே ரிஃபாம்பிசின் பிடித்துவிடும். கடைசி நான்கு மாதங்களும் அந்த விழிப்புக்கான காத்திருப்பு. டிண்டல் மணிக்கணக்கில் காத்திருந்தார். நாம் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். ஆனால் டிண்டலைப் போல நடுவில் நெருப்பை அணைக்கக்கூடாது. எது எப்போது விழிக்கும் என்று தெரியாததால் மருந்து உடலில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பிடாகுலின் என்ற புதிய மருந்து இன்னும் ஒரு படி போகிறது. உறங்கும் காசநோய்க் கிருமிக்கும் உயிர் தரிக்கக் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அந்தக் கொஞ்சத்தைத் தயாரிக்கும் இயந்திரத்தையே அது நிறுத்துகிறது.

நோய் வராமலேயே கிருமியைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். உலக மக்களில் நால்வரில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி எப்போதாவது உள்ளே புகுந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறும். நமது தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் காட்டுவது உடலின் நினைவை மட்டும்தான். உள்ளே கிருமி உறங்குகிறதா, எப்போதோ செத்துவிட்டதா என்று அவை சொல்வதில்லை. லலிதா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் சுட்டிக்காட்டியதைப் போல, நோய்ப்படுபவர்களில் பெரும்பாலோர் தொற்றிய இரண்டு ஆண்டுக்குள் படுகிறார்கள். நால்வரில் ஒருவர் என்ற எண்ணைக் கேட்டு யாரும் பீதியடைய வேண்டாம். அதே சமயம் நெடுந்தூக்கமும் உண்மைதான். டென்மார்க்கில் 1961-இல் தந்தைக்கு வந்த அதே கிருமி 1994-இல் மகனிடம் நோயாக எழுந்ததை மரபணு ஒப்பீட்டில் கண்டார்கள். 33 ஆண்டு இடைவெளி.

அதை எழுப்புவது எது? எச்.ஐ.வி., நீரிழிவு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் சில எதிர்ப்புசக்தி அடக்கி மருந்துகள். இவற்றையெல்லாம் மருத்துவர்கள் சொல்வார்கள். நம் நாட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பசி. சென்னை ஆய்வில் சானடோரியச் சாப்பாடு இல்லாமலும் மருந்து குணப்படுத்தியது என்பதைப் படித்துவிட்டு, உணவுக்கு முக்கியம் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. நோய் வந்தவரை மருந்து குணப்படுத்தும். நோய் வராமல் காப்பதில் சோற்றுக்கும் பருப்புக்கும் பங்கு இருக்கிறது. ஜார்கண்டில், சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு ஒன்றில், நோயாளியின் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். குடும்பத்தாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் வெளியான முடிவு. விலையுயர்ந்த தடுப்பு மருந்து ஒன்று இதைச் சாதித்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். சாதித்தது அரிசியும் பருப்பும்.

நேரமாகிவிட்டது. இங்கே வந்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்தவிடாதீர்கள். இருமல் நின்றது விழித்திருந்தவை செத்ததால், உறங்குபவை இன்னும் இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லுங்கள். அந்த வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களை, குறிப்பாகச் சிறு குழந்தைகளை, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை உண்டா என்று நீங்களே கேளுங்கள். சிலருக்கு வாரம் ஒருமுறை வீதம் 12 வாரத்தில் முடிந்துவிடும் மாத்திரையும் இருக்கிறது. நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை அரசு தருகிறது. அது அவர் வங்கிக் கணக்குக்கு வந்ததா என்று விசாரியுங்கள். வரவில்லை என்றால் கூடவே போய்க் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மருந்துக்கும் சோதனைக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.